வீணைப் பாடம் பதிவு செய்தால் படம் திக்குகிறது: பழைய கணினியில் எதை மாற்றுவது?

ஜெலுத்தோங் வீணை | வெள்ளி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டிலேயே வீணை சொல்லிக் கொடுக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணினி என் துறை இல்லை, கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் வேலை கிடைத்து கோலாலம்பூர், ஜொகூர் என்று போய்விட்டார்கள். அவர்களுக்காக வாரம் ஒரு பாடம் பதிவு செய்து அனுப்புகிறேன். ஒரு வெப்கேம் முகத்துக்கு நேராக. இன்னொன்று இடது கை தெரியும்படி தண்டிக்கு மேலே, அலமாரியிலிருந்து தொங்குகிறது. இரண்டையும் ஓபிஎஸ் மென்பொருளில் ஒரே படமாகச் சேர்த்துப் பதிகிறேன். ஓரத்தில் ஸ்வரக் குறிப்பும் வரும்.

சிக்கல் இதுதான்: படம் விட்டு விட்டு ஓடுகிறது. பேச்சுப் பாடமாக இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். வீணையில் தந்தியை, தண்டியின் குறுக்கே இருக்கிற மெட்டின் மேல், பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வருகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கும்போது விரல் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்பதுதான் பாடமே. அந்த இடத்தில் படம் நின்று தாவினால் பிள்ளை என்னத்தைப் பார்த்துப் படிக்கும்? சத்தமும் விரலுக்கு முன்னே ஓடுகிறது.

கணினி 2012இல் கொம்தார் பக்கம் ஒரு கடையில் பாகங்களைப் பூட்டி வாங்கியது. என் தங்கை மகன் பார்த்துச் சொன்ன விவரம்: கோர் ஐ5-2400, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, விண்டோஸ் 10. கையில் 600 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எதை மாற்றினால் பலன் கிடைக்கும்?

லோயாட் சுற்றுலா | வெள்ளி, இரவு 10:31

வணக்கம் டீச்சர். ஒரே பதில்: கிராபிக்ஸ் கார்டு. வீடியோவைச் சுருக்குகிற வேலை முழுவதையும் இப்போது உங்கள் சிபியு ஒற்றை ஆளாகச் செய்கிறது. என்விடியா கார்டு போட்டால் அதிலேயே அந்த வேலைக்கென்று தனிச் சுற்று இருக்கிறது, என்வென்க் என்பார்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பழையது ஒன்று பிடியுங்கள். 600 வெள்ளிக்குள் முடிந்து மீதியில் கோப்பியும் குடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 11:05

செத்த மாட்டுக்கு லாடம் அடிக்காதீர்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். உங்களுடையது 2ஆம் தலைமுறை. அலுவலகங்கள் கழித்துப் போட்ட 8ஆம் தலைமுறைக் கணினிகள் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்து அதில் ஒன்றை வாங்குங்கள் டீச்சர். நான் சொல்வது கசக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

பழைய இரும்பு | சனி, காலை 7:48

டீச்சர், வணக்கம். பட்டர்வொர்த்தில் முப்பது வருடமாகப் பெட்டி திறந்து மூடுகிறவன்.

இரண்டு தம்பிகளும் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்காமலேயே மருந்துச் சீட்டு எழுதிவிட்டார்கள். படம் திக்குவதற்குக் குறைந்தது ஐந்து காரணம் இருக்கிறது, ஐந்துக்கும் மருந்து வேறு. 600 வெள்ளியைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முன் எனக்கு இவற்றைச் சொல்லுங்கள்.

ஓபிஎஸ்ஸில் மேலே ‘வியூ’ பட்டியலுக்குள் தேடினால் ‘ஸ்டாட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு சரியாக 10 நிமிடம் பதியுங்கள். ‘ரெண்டரிங் லேக்’, ‘என்கோடிங் லேக்’ என்ற இரண்டு வரிகளில் என்ன எண் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வரி உங்களுக்குத் தேவை இல்லை, அது நேரலைக்காரர்களுக்கு. பதிவு ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். கேமரா இரண்டையும் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள், முன்னாலா பின்னாலா? கடைசியாக, எப்போதுமே திக்குகிறதா, இல்லை குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா?

லோயாட் சுற்றுலா | சனி, காலை 9:20

அண்ணே, நோய் தெரிந்ததுதானே. 4 கோர் பழைய சிபியு, 1080 அளவில் இரண்டு கேமரா. பார்க்க வேண்டியது என்ன இருக்கிறது?

பழைய இரும்பு | சனி, காலை 9:34

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி.

ஜெலுத்தோங் வீணை | சனி, மாலை 6:15

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். 10 நிமிடத்தில் மொத்தம் 18,000 பிரேம் (தனித்தனிப் படம்). அதில்:

ரெண்டரிங் லேக் 41. என்கோடிங் லேக் 2,904. சிபியு 96 முதல் 100 வரை. மெமரி 4இல் 3.7 ஜிபி. டிஸ்க் அடிக்கடி 100இல் போய் நிற்கிறது.

கேமரா இரண்டும் ஒரு நான்கு வாய் யுஎஸ்பி ஹப்பில், அந்த ஹப் பெட்டியின் முன்பக்க ஓட்டையில். சில நாள் இரண்டாவது கேமரா கறுப்பாகவே வரும், கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்களே, இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை காலையில் எடுப்பது கொஞ்சம் தேவலை. இரவில்தான் மிகவும் மோசம். ஆனால் நான் பெரும்பாலும் மக்ரிப் தொழுகை அழைப்பு முடிந்து, எக்ஸ்பிரஸ்வே லாரிச் சத்தமும் அடங்கிய பிறகுதான் பதிவுக்கு உட்காருவேன். இரவில் கணினி களைத்துப்போகுமா என்ன?

செந்தூல் பையன் | சனி, இரவு 8:02

அக்கா, நான் விளையாட்டு ஒளிபரப்புகிறவன், ஓபிஎஸ்ஸோடுதான் குடும்பம். உங்கள் எண்களை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ரெண்டரிங் லேக் என்பது இரண்டு கேமராவையும் குறிப்பையும் ஒன்றாக ஒட்டிப் படமாக்குகிற வேலையில் தவறியது. அதைச் செய்வது கிராபிக்ஸ். 18,000க்கு 41 என்றால் கவலையே வேண்டாம். என்கோடிங் லேக் என்பது அந்தப் படத்தைச் சுருக்கிக் கோப்பாக்கும்போது தவறியது. நூற்றுக்கு 16 பிரேம் அங்கேதான் தொலைகிறது.

செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள். ‘வீடியோ’ அமைப்பில் வெளியீட்டு அளவை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். ஒரு பிரேமில் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருந்தது 9 லட்சத்து 21 ஆயிரமாகிவிடும், பாதிக்கும் குறைவு. படத்தைச் சுருக்குகிற எக்ஸ்264இன் வேக அமைப்பு (பிரீசெட்) ‘வெரிஃபாஸ்ட்’ என்று இருந்தால் ‘சூப்பர்ஃபாஸ்ட்’ ஆக்குங்கள், கோப்பு கொஞ்சம் பெருக்கும், சிபியு மூச்சு விடும்.

இன்னொன்று, என்கோடர் பட்டியலில் குயிக் சிங்க் என்று வருகிறதா பாருங்கள், படத்தைச் சுருக்க இன்டெல் சிபியுவிலேயே இருக்கிற தனிச் சுற்று அது. இன்டெல் அதை முதன்முதலில் கொண்டுவந்ததே உங்கள் சிபியு பிறந்த 2011 தலைமுறையில்தான்.

பதிவுக் கோப்பை எம்பி4 வகையாக வைத்திருந்தால் எம்கேவி வகைக்கு மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 திறக்கவே திறக்காது, எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பிக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ‘ரீமக்ஸ்’ போட்டு எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது.

ஜெலுத்தோங் வீணை | சனி, இரவு 8:40

பட்டியலில் குயிக் சிங்க் இல்லை தம்பி. 720 வைத்தால் தந்தி ஏழும் தனித்தனியாகத் தெரியுமா?

செந்தூல் பையன் | சனி, இரவு 8:51

முகத்தைச் சின்னப் பெட்டியாக்கி மூலையில் போட்டுவிட்டு, கை வருகிற கேமராவைப் பெரிதாக்குங்கள் அக்கா. உங்கள் முகத்தைப் பார்க்க அவர்கள் தைப்பூசத்துக்கு வரும்போது நேரில் வரட்டும்.

லோயாட் சுற்றுலா | சனி, இரவு 9:10

பார்த்தீர்களா, என்கோடிங். நான் சொன்னது அதைத்தான். கார்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விலை குறைவு என்று ஜிடி 1030 வாங்கிவிடாதீர்கள், அதில் என்வென்க் கிடையாது. 1050 டிஐ 75 வாட்தான், தனியாக மின்வயர் கேட்காத மாடல்கள் உண்டு, போர்டின் ஓட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

பழைய இரும்பு | ஞாயிறு, காலை 8:05

தம்பி, கார்டைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் சரி. 1030 எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை. ஆனால் 2012இல் பெட்டியோடு சும்மா வந்த பவர் சப்ளைமேல் புதிதாக 75 வாட் ஏற்றுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்க வேண்டும். மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அது இன்றோ நாளையோ என்று நிற்கிற கிழவன்.

டீச்சர், உங்கள் எண்களில் என் கண்ணில் பட்டது டிஸ்க் 100. இதைப் பார்த்ததும் பெரும்பாலோர், வீடியோ எழுதுவதற்கு ஹார்ட் டிஸ்க் வேகம் போதவில்லை என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பதிவு நொடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தாலும் அது 1.25 மெகாபைட்தான். இத்தனை வயதான டிஸ்க் கூட அதைத் தூக்கத்தில் எழுதும். அப்புறம் ஏன் 100? மெமரியைப் பாருங்கள், 4இல் 3.7. இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. ஒரே ஊசி இங்கே வீடியோவை எழுதிவிட்டு அங்கே ஓடி மெமரியை எடுத்துவிட்டு மறுபடி இங்கே வருகிறது. சின்ன வீட்டுக் கல்யாணத்தில் பந்தி போடுகிறவன் நிலைமை.

ஆகையால் முதல் செலவு ரேம். உங்கள் போர்டில் இரண்டு வாய் இருக்கும், ஒன்றில் 4 ஜிபி இருக்கிறது. அதே மாதிரி இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால் 8 ஆவதோடு, இரண்டும் ஜோடியாக ஓடும். தனி கிராபிக்ஸ் இல்லாத கணினியில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் கடன் வாங்குகிறது, அதற்கும் நல்லது. வாங்கும்போது இரண்டு விஷயம். மடிக்கணினி ரேம் குட்டையாக இருக்கும், பொருந்தாது. ஆன்லைனில் மிக மலிவாகப் போடும் சில டிடிஆர்3 துண்டுகள் ஏஎம்டி போர்டுக்கு மட்டும்தான் ஓடும், விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது ஒரு எஸ்எஸ்டி. எச்61 சிப்செட்டில் டிஸ்க் செருகுகிற சாட்டா வாய்கள் எல்லாம் 3 கிகாபிட் வகை, 6 கிடையாது. எஸ்எஸ்டி பெட்டியில் நொடிக்கு 550 மெகாபைட் என்று அச்சடித்திருப்பார்கள், உங்களுக்கு அதில் பாதிதான் கிடைக்கும். அந்தப் பாதியே ஏராளம், ஆகவே இருப்பதில் மலிவான நல்ல ஒன்று போதும். விண்டோஸை அதில் ஏற்றிவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்கை வீடியோ போட்டுவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத மூன்றாவது, பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது. கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

பெட்டியைத் திறக்கிறபோது ஒரு வேடிக்கை. விசிறியைக் கழற்றினால் சிபியுவின் முதுகில் ‘மலாய்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்க வாய்ப்புண்டு. இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே சிப்புகளைப் பூட்டுகிற தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் வைத்தது. நம் ஊர் அக்காமார் எத்தனை பேர் அந்த வேலையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள்.

உருமி தம்பி | ஞாயிறு, காலை 10:44

பெட்டியைத் திறக்கும்போது கவனம் டீச்சர். எங்கள் உருமி மேளக் குழு ஒத்திகையைப் பதிகிற கணினி ஒரு நாள் பொசுக்கென்று அணைந்தது. திறந்தால் பவர் சப்ளைக்குள் பல்லி, கருவாடு ஆகியிருந்தது. விசிறிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளிப் போர்வை மாதிரி. தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சூடு ஏறினால் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும், அப்போது படம் திக்கும். நாங்கள் பத்து வெள்ளிப் பேஸ்ட் டியூபில் சரி பண்ணினோம்.

தாமான் தாத்தா | ஞாயிறு, மதியம் 2:30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 1991இல் எடுத்த கல்யாண விஎச்எஸ் டேப் இருக்கிறது. பேத்தி ஒரு யுஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கித் தந்தாள். என் கணினியும் இதே வயதுதான். ரேம் போட்டால் எனக்கும் சரியாகுமா?

பழைய இரும்பு | ஞாயிறு, மதியம் 3:15

ஐயா, உங்கள் கதை வேறு, தனி இழை போடுங்கள். ஆனால் கேட்டுவிட்டீர்கள். நம் நாட்டு டேப் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 720×576, நொடிக்கு 25 பிரேம். சுருக்காமல் பிடித்தால் நொடிக்கு 20.7 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 74 ஜிபிக்கு மேல். டீச்சருக்கு டிஸ்க் ஒரு பொருட்டே இல்லை என்றேன், உங்களுக்கு அதுதான் எல்லாம். விண்டோஸ் இருக்கிற டிஸ்கிலேயே பிடிக்காதீர்கள், தனி டிஸ்க் வையுங்கள். அதற்கு முன் டேப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை, நம் ஊர் ஈரத்தில் அது சகஜம். அப்படியே போட்டு ஓட்டினால் டேப்பும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும்.

நெறியாளர் | ஞாயிறு, மாலை 4:00

விஎச்எஸ் கேள்வியைத் தனி இழையாகப் பிரித்துவிட்டேன். தாத்தா அங்கே வரவும்.

ஜெலுத்தோங் வீணை | அடுத்த சனி, மாலை 5:20

ஒரு வாரமாக வேலை நடந்தது. தங்கை மகன் புதன்கிழமை வந்து பெட்டியைத் திறந்தான். பல்லி இல்லை, ஆனால் தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். பவர் சப்ளையின் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தான், எதுவும் உப்பவில்லை. பேஸ்டை மாற்றினான். சிபியு முதுகில் அந்த எழுத்து இருந்தது ஐயா! அவன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அவன் அம்மா, என் தங்கை, பாயான் லெப்பாஸில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். “என் கையில் பட்டதாகக்கூட இருக்கும்” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்களுக்கு வருகிறேன். பதிவின்போது சூடு 94 பாகை இருந்தது, சுத்தம் செய்த பிறகு 69. பிறகு ஒரு 4 ஜிபி ரேம், பழையது, 28 வெள்ளி. 240 ஜிபி எஸ்எஸ்டி 95 வெள்ளி. 1080இலேயே 10 நிமிடம் பதிந்தேன், என்கோடிங் லேக் 2,904 இருந்தது 212 ஆனது. 720க்கு இறக்கினேன், பூச்சியம். டிஸ்க் 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஒரு வேளைச் சோற்றைக் கூடத் தள்ளிப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

இனிமேல்தான் வேடிக்கை. எல்லா வரியும் பூச்சியம், ஆனால் நேற்று இரவு எடுத்த பாடம் இன்னும் திக்குகிறது. இன்று காலையில் எடுத்தது தண்ணீராக ஓடுகிறது. அதே கணினி, அதே அமைப்பு. எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது.

லோயாட் சுற்றுலா | சனி, மாலை 5:41

கார்டு, கார்டு, கார்டு.

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 5:58

லேக் பூச்சியம் என்றால் கார்டுக்கு அங்கே என்ன வேலை? நான் புதுக் கணினி வாங்கச் சொன்னவன்தான், ஆனாலும் இது கணினிக் கோளாறு மாதிரி தெரியவில்லை.

பழைய இரும்பு | சனி, இரவு 7:30

கணக்குப்பிள்ளை பிடித்துவிட்டார். டீச்சர், இரவில் எந்த விளக்கின் கீழே உட்காருகிறீர்கள்?

ஜெலுத்தோங் வீணை | சனி, இரவு 7:52

பூஜை அறைக்குப் பக்கத்துக் கூடம். ஒரு மஞ்சள் பல்பு. வெள்ளை விளக்கு எனக்குக் கண் கூசும்.

பழைய இரும்பு | சனி, இரவு 8:20

அதுதான் பேய்.

வெப்கேமுக்கு வெளிச்சம் போதாவிட்டால், படம் இருட்டாக வரக்கூடாது என்று தானாகவே ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அப்படி வைத்திருந்தால் நொடிக்கு 30 பிரேம் எடுக்க நேரம் ஏது? 15க்கு இறங்கும், சிலது இன்னும் கீழே. ஓபிஎஸ்ஸுக்கு இது தெரியாது. அது நொடிக்கு 30 எழுத வேண்டும், புதுப் படம் வராவிட்டால் பழையதையே இன்னொரு முறை எழுதும். அதனால் கோப்பும் 30 என்கும், லேக்கும் பூச்சியம் என்கும், விரல் மட்டும் தாவும். தோடி காந்தாரம் அசைவதை நொடிக்கு 15 படத்தில் பார்த்தால் தாவாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஒவ்வொரு படமும் நெடுநேரம் திறந்திருந்ததால் விரல் மங்கலாகவும் இழுபடும்.

ஓபிஎஸ்ஸில் கேமராவின் மேல் இரட்டைச் சொடுக்கு, ‘கான்ஃபிகர் வீடியோ’, அதற்குள் எக்ஸ்போஷர். பக்கத்தில் ‘ஆட்டோ’ டிக்கை எடுத்துவிடுங்கள். ‘லோ லைட்’ என்று ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள். படம் இருட்டாகும், அதற்கு விளக்கு போடுங்கள். கண் கூசினால் விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் மென்மையாக இருக்கும். அங்கேயே மின்சார அலைவெண் 50 என்று இருக்கிறதா பாருங்கள். 60இல் இருந்தால் நம் நாட்டு விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

அப்புறம் அந்த ஹப்பைத் தூக்கிப் போடுங்கள். யுஎஸ்பி 2.0இன் மொத்தக் குழாய் நொடிக்கு 480 மெகாபிட், ஹப்பில் செருகிய எல்லாம் அதைத்தான் பங்கு போட வேண்டும். 1080 படத்தைச் சுருக்காமல் அனுப்ப ஒரு கேமராவுக்கே அது போதாது. அதனால்தான் கேமராக்கள் எம்ஜேபெக் ஆகச் சுருக்கி அனுப்புகின்றன. இரண்டு கேமரா ஒரே குழாயில் இடம் முன்பதிவு செய்யப் பார்த்தால் இரண்டாவதற்கு இடம் கிடைக்காது. உங்கள் கறுப்புப் படம் அதுதான். எச்61இல் யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் சுற்று இரண்டு இருக்கிறது. ஒரு கேமராவை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் செருகிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் இணைப்பு வரிசைப்படி பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கிளையில் இருக்க வேண்டும்.

செந்தூல் பையன் | சனி, இரவு 8:33

நான் மூன்று வருடமாக ரிங் லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அழகுக்குத்தான் என்று நினைத்தேன்.

லோயாட் சுற்றுலா | சனி, இரவு 8:47

சரி, ஒப்புக்கொள்கிறேன். கார்டு வாங்கியிருந்தால் இரவில் அதே தாவல் நொடிக்கு 30 முறை சுத்தமாகப் பதிவாகியிருக்கும்.

ஜெலுத்தோங் வீணை | ஞாயிறு, இரவு 9:55

பேய் ஓடிவிட்டது ஐயா.

மேசை விளக்கு ஒன்று 39 வெள்ளிக்கு வாங்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எக்ஸ்போஷர் ஆட்டோவை எடுத்தேன். பின்பக்க ஓட்டையில் ஒரு கேமரா. இப்போது இரவிலும் விரல் பட்டுப்போல் நகர்கிறது. தோடி ஆலாபனை ஐந்து நிமிடம் பதிந்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். தந்தி வளைவது, நடுவில் நின்று திரும்புவது எல்லாம் தெரிகிறது. என் குருவிடம் ஒரு மூலையில் உட்கார்ந்து கழுத்தை எட்டிப் பார்த்துக் கற்ற இடம் அது.

ஒன்றே ஒன்று மிச்சம். சத்தம் இன்னும் ஒரு நூல் முன்னால் வருகிறது. தனி மைக் வைத்திருக்கிறேன்.

செந்தூல் பையன் | ஞாயிறு, இரவு 10:06

அது என் ஏரியா. மைக் சத்தம் உடனே வந்துவிடும். கேமரா படத்தைச் சுருக்கி, அனுப்பி, கணினி விரித்து என்று கொஞ்சம் தாமதமாகும். ஒரு தந்தியைச் சுண்டுகிற இடத்தைப் பதிந்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். சத்தம் கேட்ட பிறகு எத்தனை பிரேம் கழித்து விரல் சுண்டுகிறது என்று எண்ணுங்கள். 30இல் ஒரு பிரேம் 33 மில்லிநொடி. ஓபிஎஸ்ஸில் ஆடியோ மேம்பட்ட அமைப்பில் ‘சிங்க் ஆஃப்செட்’ இருக்கிறது, அதில் அந்த எண்ணை மைக்குக்குப் போடுங்கள். சத்தம் அவ்வளவு தாமதித்து வரும்.

ஜெலுத்தோங் வீணை | ஞாயிறு, இரவு 10:48

4 பிரேம். 133 போட்டேன். சேர்ந்துவிட்டது!

மொத்தச் செலவு: ரேம் 28, எஸ்எஸ்டி 95, பேஸ்ட் 10, விளக்கு 39. 172 வெள்ளி. மீதி 428 இருக்கிறது. கணக்குப்பிள்ளை தம்பி சொன்ன விண்டோஸ் விஷயம் மட்டும் மனதில் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 8:12

அந்த 428ஐத் தொடாதீர்கள் டீச்சர், அடுத்த கணினிக்கு அதுதான் முதல். அதுவரை, பாதுகாப்புப் புதுப்பிப்பை மட்டும் 13 அக்டோபர் 2026 வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாப்ட் வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது, அமைப்புகளில் புதுப்பிப்புப் பக்கத்தில் பாருங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பதிவை முடித்துப் பென்டிரைவில் எடுத்து வேறு கருவியிலிருந்து அனுப்புங்கள். மனம் இருந்தால் தங்கை மகனை லினக்ஸ் மின்ட் போட்டுத் தரச் சொல்லலாம், ஓபிஎஸ் அதிலும் ஓடும்.

எஸ்எஸ்டியும் விளக்கும் அடுத்த கணினிக்கும் கூட வரும். ரேம் வராது, 28 வெள்ளி போனது போனதுதான்.

ஜெலுத்தோங் வீணை | புதன், இரவு 9:30

காஜாங்கில் இருக்கிற பிள்ளை இன்று குரல் செய்தி அனுப்பினாள். “டீச்சர், நீங்கள் காந்தாரத்துக்கு ரிஷபத்தின் மெட்டிலிருந்தா இழுக்கிறீர்கள்? இத்தனை நாள் நான் வேறு இடத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன்” என்கிறாள். இரண்டு வருடம்!

இப்போது புதுத் தொல்லை. மற்றதெல்லாம் சுத்தமானதும், கணினி விசிறியின் ஓசை மைக்கில் கேட்கிறது. அது ஏறக்குறைய என் பஞ்சமத்தில் நிற்கிறது, கொஞ்சம் தாழ்ந்து. தம்பூராவோடு சண்டை போடுகிறது. விசிறியைக் கழற்றிவிடலாமா?

பழைய இரும்பு | புதன், இரவு 9:37

ஐயோ, கழற்றாதீர்கள். பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகும்.